பிறர் தர வந்தவை

ஈஸ்டருக்கு முன் வரும் லெந்துக் காலத்தில், சென்ற முறை, ஒரு மதியம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் கிடக்கும், நான் பத்திரம் எழுதும் மேசைக்கு வந்தவர், உட்கார்ந்ததுமே ஒரு கைப்பிரதியை நீட்டினார். பேருந்து நிலையத்தில் யாரோ கையில் திணித்திருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, நீங்க வேதக்காரர்தானே? இதுல ஜென்மபாவம்னு போட்டிருக்கு. போன ஜென்மத்துல செஞ்ச பாவமா? ஒங்க ஆளுகதான் மறுஜென்மமே கெடையாதும்பீங்களே?"

ஐம்பது வருடமாகக் கோயிலுக்குப் போகிறவன் நான். ஜென்மபாவம், கர்மபாவம் என்று பாவம் இருவகைப்படும் என்று திடப்படுத்தல் வகுப்பில் ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) முன்னால் மூச்சுவிடாமல் ஒப்பித்திருக்கிறேன். அந்தச் சொல் வெளியாள் காதில் எப்படி விழும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"போன ஜென்மம் இல்ல. முதல் மனுஷன், ஆதாம்னு ஒருத்தர். அவர் செஞ்சது பிறப்போடயே நமக்கு வந்திருக்குன்னு அர்த்தம்."

"அவன் செஞ்சதுக்கு நான் எப்படி அண்ணாச்சி பொறுப்பாவேன்? நான் அங்க இருந்தேனா?"

கேட்டுக்கொண்டே மஞ்சள் பையிலிருந்து வில்லங்கச் சான்றை எடுத்து வைத்தார். அவருடைய அப்பா இறந்து எட்டு மாதம். நிலத்தை மூன்று பிள்ளைகளுக்கும் பாகம் பிரிக்க வேண்டும். சான்றின் நாலாவது வரியில் ஒரு கூட்டுறவுச் சங்க அடமானம் தீராமல் நின்றது. அப்பா வாங்கிய கடன். 'நான் அங்க இருந்தேனா' என்று சங்கத்தில் போய்க் கேட்க முடியாது என்பது அவருக்கே தெரியும். நான் ஒன்றும் சொல்லாமல் மூலப்பத்திரத்தைக் கேட்டு வாங்கி நான்கெல்லையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அவர் வேலை முடிந்து போய்விட்டார். கேள்வி போகவில்லை.

அவர் தரப்பு சாதாரணத் தரப்பு அல்ல. நம் மொழியிலேயே அதற்குப் பலமான சாட்சி இருக்கிறது. புறநானூற்றின் 192-ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனாரின் முதல் அடி எல்லாருக்கும் தெரியும். மேடைகளில் அதோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த அடிதான் கிறிஸ்தவனுக்குச் சிக்கல்: 'தீதும் நன்றும் பிறர்தர வாரா.' வினைக் கணக்கும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. போன பிறவியில் செய்திருந்தாலும் செய்தவன் நான்தான். கணக்கு என் பேரில்தான். வட்டி கூடலாம், தவணை நீளலாம், ஆனால் ஆள் மாறாது.

வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் நேர் எதிராகச் சொல்கிறார். தீதும் பிறர் தர வந்தது, நன்றும் பிறர் தர வந்தது. 'ஒரே மனுஷனுடைய கீழ்ப்படியாமையினாலே அநேகர் பாவிகளாக்கப்பட்டதுபோல, ஒருவருடைய கீழ்ப்படிதலினாலே அநேகர் நீதிமான்களாக்கப்படுவார்கள்.' பத்திரம் எழுதுகிறவன் கண்ணுக்கு அந்த வாக்கியத்தில் முதலில் படுவது வினைச்சொல். ஆக்கப்பட்ட, ஆக்கப்படுவார்கள். இரண்டு பக்கமும் செயப்பாட்டு வினை. கெட்டதில் எனக்கு வாரிசுரிமை இல்லை என்று வாதாடி ஜெயித்தால், நல்லதிலும் வாரிசுரிமை போய்விடும். ஒரே பத்திரத்தில் ஒரு ஷரத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது.

இப்படி வாதமாக எழுதும்போது சுலபமாக இருக்கிறது. எனக்கு இது வாதமாக வரவில்லை.

என் தாத்தாவுக்கு 42 சென்ட் பனைவிளை இருந்தது. தேரி மண், பதினேழு பனை, ஒரு ஓரத்தில் உடைமரம். பக்கத்து விளை அவருடைய சொந்தத் தம்பிக்கு. நடுவில் ஒரு கைப்பிடிச் சுவர். அது யார் எல்லைக்குள் இருக்கிறது என்று அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த வழக்கை நடத்தத்தான் 1958-இல் தாத்தா விளையை ஒரு பலசரக்கு வியாபாரியிடம் 600 ரூபாய்க்கு அடமானம் வைத்தார். சுவரின் அகலம் ஒன்றரை அடி. வழக்கு முடியும் முன்பே தாத்தா போய்ச் சேர்ந்தார். அப்பாவுக்கு விளை வந்தது, அடமானம் வந்தது, பகையும் வந்தது. முதல் இரண்டும் பத்திரத்தில் உண்டு. மூன்றாவதைப் பதியாமலேயே அனுபவித்தோம்.

நான் பிறந்து விவரம் தெரிந்தபோது சின்னத் தாத்தா வீட்டோடு எங்களுக்குப் பேச்சு கிடையாது. ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 'மழை மேலிருந்து பெய்யும்' என்பதுபோல அது தெரிந்த விஷயமாக இருந்தது.

1975-ஆம் வருடம். எனக்கு ஒன்பது வயது. சின்னத் தாத்தாவின் பேத்தி, எனக்கு இரண்டு வயது மூத்தவள், முறைக்கு அக்கா. தெருக்கிணற்றிலிருந்து மண்பானையில் தண்ணீர் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் திண்ணையில் இருந்தேன். கையில் எட்டினாற்போல ஒரு ஓட்டாஞ்சில்லு. எறிந்தேன். பானையின் வயிற்றில் பட்டது. உடனே உடையவில்லை, முதலில் ஒரு கீற்று விழுந்தது, அதிலிருந்து தண்ணீர் அவள் பாவாடையில் வழிந்தது, அவள் குனிந்து பார்த்தாள், அப்புறம்தான் பானை இரண்டாகப் பிளந்து விழுந்தது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. அந்தச் சந்தோஷத்தை இன்றும் என்னால் அப்படியே திரும்பக் கொண்டுவர முடிகிறது என்பதுதான் இதில் எனக்குப் பயம் தரும் பகுதி.

ஆச்சி வெளியே வந்தாள். "ஏலே மூதி, பொம்பளப் புள்ளமேலயா கல்ல விட்டெறிவ?" என்று வாயால் திட்டினாள். திட்டிக்கொண்டே உள்ளே கூட்டிப்போய், ஒரு பனங்கிழங்கை நார் உரித்துக் கையில் கொடுத்தாள்.

அந்தக் கிழங்கைத் தின்றபோது நான் என்ன தின்றேன் என்று இப்போது தெரிகிறது.

பிறகு பல வருடம் கழித்து அகுஸ்தீன் என்ற பழைய சபைத் தந்தை திருடிய பேரிக்காயைப் பற்றிப் படித்தபோது ஏற்கெனவே படித்ததுபோல இருந்தது. அவர் 354-இல் தகாஸ்தேயில் பிறந்தவர். இன்றைய அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ். பதினாறு வயதில் சேக்காளிகளோடு ராத்திரி பக்கத்துத் தோட்டத்தில் நுழைந்து ஒரு மரத்துக் காய்களை உலுக்கி எடுத்தார்கள். பசி இல்லை. ருசிக்கும் இல்லை, பெரும்பகுதியைப் பன்றிக்கு எறிந்தார்கள். அந்த மனிதர் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய தப்புகள் உண்டு. ஆனால் முதிர்ந்த வயதில், ஒரு பிஷப்பாக, பக்கம் பக்கமாக உட்கார்ந்து துருவியது இந்தப் பேரிக்காயைத்தான். ஏன் செய்தேன்? செய்யக்கூடாது என்பதால் செய்தேன். அந்தக் 'கூடாது' இனித்தது.

அகுஸ்தீனோடு எனக்கு இங்குவரை வழக்கு இல்லை. இதற்குமேல் உண்டு.

பிரித்தானியத் தீவிலிருந்து ரோமுக்கு வந்த பெலாகியு என்ற துறவி, மனிதன் நினைத்தால் நல்லவனாக இருக்க முடியும், ஆதாமால் வந்தது கெட்ட முன்மாதிரிதான் என்ற பக்கத்தில் நின்றார். சோம்பேறிக் கிறிஸ்தவர்களைப் பார்த்து எரிச்சலடைந்த ஒழுக்கவாதி அவர். எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாகவே இருக்கும். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அந்தப் போதனையைத் தள்ளினார்கள். அந்தச் சண்டையின் சூட்டில் அகுஸ்தீன் இன்னும் ஒரு படி போனார். ஆதாமின் சாய்வு மட்டும் நமக்கு வரவில்லை, ஆதாமின் குற்றமே நம் பேரில் பதிவாகியிருக்கிறது. ஆதாம் செய்தபோது நாம் எல்லாரும் அவனுக்குள் இருந்தோம்.

அவர் நின்ற வசனம் ரோமர் 5:12. அவருக்குக் கிரேக்கம் சரளமில்லை. கையிலிருந்த லத்தீன் மொழிபெயர்ப்பில் அந்த வசனத்தின் கடைசிப் பகுதி 'அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்' என்று வாசிக்கும்படி இருந்தது. கிரேக்கத்தில் இருப்பதை இன்றைய அறிஞர்களில் பெரும்பாலோர் 'எல்லாரும் பாவம் செய்தபடியால்' என்றுதான் எடுக்கிறார்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள்: 'எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால், மரணம் எல்லாருக்கும் வந்ததுபோலவும்.' அதாவது அகுஸ்தீன் வாசித்த வசனத்தை நாங்கள் தமிழில் ஒருநாளும் வாசித்ததில்லை. ஆனாலும் அவர் முடிவை மட்டும் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ஒரு வேற்றுமை உருபில் எவ்வளவு கிடக்கிறது என்பது, 'இல்' என்பதற்குப் பதில் 'இன்' விழுந்ததால் நடந்த வழக்குகளைப் பார்த்த எனக்கு ஆச்சரியமில்லை. கிழக்கத்திய சபைகள் கிரேக்கத்திலேயே வாசித்து வந்தவர்கள். அவர்களிடம் ஆதாமிடமிருந்து வருவது சாவும் சீர்கேடும்தான். அவனுடைய குற்றப் பதிவு வருவதில்லை. நான் சி.எஸ்.ஐ. கோயிலில் உட்கார்ந்துகொண்டு மனதுக்குள் அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறேன். ஐயருக்குத் தெரியாது.

சாய்ந்ததற்குக் காரணம் படிப்பு மட்டுமில்லை. எனக்கு மூத்தவன் ஒருவன் பிறந்து இரண்டாம் நாளே போய்விட்டான். ஐயர் மூன்று ஊருக்கும் ஒருவர், அன்று அடுத்த ஊரில் இருந்தார். குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் ஆச்சி செம்பில் தண்ணீர் எடுத்து, அதன் நெற்றியில் மூன்று தடவை விட்டு, வாயில் வந்த ஒரு பேரைச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுத்தாளாம். படிக்காதவள். ஆனால் அவசரத்துக்கு யாரும் கொடுக்கலாம் என்பது தெரிந்திருந்தது. குழந்தையை நரகத்துக்கு விட்டுவிடுவார் ஆண்டவர் என்று நினைத்தாயா என்று பின்னாளில் கேட்டேன். "ஆண்டவர் விட மாட்டாருலே. ஐயர் விட்டுருவாரு" என்றாள். ஆங்கிலிக்கன் சபையின் 1662-ஆம் வருட ஜெபபுத்தகத்து அடக்க ஆராதனையின் தலைப்பிலேயே, ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று குறிப்பு உண்டு. ஆச்சி பயந்தது அந்த ஒரு வரிக்கு.

அகுஸ்தீனின் கணக்குப்படி ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கும் தண்டனை உண்டு. மிக மிக லேசான தண்டனை என்று அவரே தணித்துச் சொன்னார். எக்லானும் என்ற ஊரின் ஆயரான ஜூலியான் அவரை எழுத்தில் நேராகவே கேட்டார்: இப்படிக் குழந்தையைத் தண்டிக்கிறவர் நீதியுள்ள கடவுளா? அகுஸ்தீன் அவருக்கு எழுதிய பதில்கள் பெரிய பெரிய நூல்கள். கடைசி நூல் முடியும் முன்னே 430-இல் இறந்துபோனார். இடைக்காலத்தார் நரகத்தின் ஓரத்தில் வேதனையில்லாத ஓர் இடத்தை அந்தக் குழந்தைகளுக்கு ஒதுக்கிப் பார்த்தார்கள். 2007-இல் ரோமன் கத்தோலிக்க சபையின் பன்னாட்டு இறையியல் ஆணையம், அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப இடமுண்டு என்று ஒரு ஆவணமே வெளியிட்டது. ஏறக்குறைய 1,600 வருடம். ஆச்சி ஒரு செம்புத் தண்ணீரில் முடித்தாள்.

துக்கம் விசாரிக்க வந்த ஒருத்தி, "யார் செஞ்ச பாவமோ" என்றாளாம். அம்மா அதைச் சாகும்வரை மறக்கவில்லை. பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் கேட்டதும் அதே கேள்விதான். 'இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல' என்பது இயேசுவின் பதில். ஜென்மபாவம் பேசும் பிரசங்கிகள் இந்த வசனத்தின் பக்கம் அதிகம் வருவதில்லை.

வேதத்துக்குள்ளேயே இந்த வழக்கு நடக்கிறது. யாத்திராகமத்தில் பிதாக்களின் அக்கிரமம் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கப்படும். எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தில், குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை. எங்கள் தொழிலில் இதற்கு அச்சு அசலாக ஓர் ஒப்பு உண்டு. பழைய இந்து சட்டத்தில் அப்பன் பட்ட கடனை மகனும் பேரனும் கொள்ளுப்பேரனும் தீர்ப்பது சமயக் கடமை. கடன் கொடுத்தவர் அதைச் சொல்லியே வழக்குப் போடலாம். 2005-ஆம் வருட இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அந்த வழியை அடைத்தது. எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம். ஆனாலும் அந்தத் திருத்தத்தை வாசித்த அன்று எனக்கு எசேக்கியேல்தான் ஞாபகம் வந்தார். அவருடையதும் ஒரு சட்டத்திருத்தம்.

திருத்தம் வந்த பிறகும் ஒன்று மாறவில்லை. அப்பன் விட்டுப்போன சொத்து இருந்தால், அந்தச் சொத்தின் அளவுக்குக் கடன் அதில் நிற்கும். சொத்தை வாங்கிக்கொண்டு கடனை மட்டும் உதற முடியாது. நான் புரிந்துகொண்ட ஜென்மபாவம் இதுதான். தாத்தா வழக்குப் போட்ட குற்றம் என்னுடையதல்ல. அதற்காக என்னை யாரும் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் அவருடைய திண்ணையில் உட்கார்ந்து, அவர் பனையின் கிழங்கைத் தின்று, அவர் பகையை என் கையால் எறிந்தேனே, அது யாருடையது?

கோயிலில் இதைப் பேசும்போது எல்லாரும் ஆதாம் ஏவாளோடு நிறுத்திக்கொள்வது எனக்கு வசதியான பதுங்கலாகப் படுகிறது. பழைய பத்திரங்களில் ஒவ்வொரு பேருக்கும் முன்னால் சாதி எழுதியிருக்கும். எங்கள் ஆட்களுக்கு 'கிறிஸ்தவ' என்ற சொல்லின் முதுகிலேயே அது ஏறி உட்கார்ந்திருக்கும். 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய சில ஆண்டுகளிலேயே இங்கே தமிழில் சபை உண்டாகிவிட்டது; அந்தச் சபைகளில் சாதிப்படி தனித்தனியாக உட்கார்ந்தார்கள். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, முற்றாக விட வேண்டும் என்று எழுதியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெருங்கூட்டம் சபையைவிட்டே வெளியேறியது. சாதியைவிடச் சபையை விடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. நான் போய்வந்த ஒரு ஊரில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் இன்றும் சுவர் நிற்கிறது. ஒன்றரை அடி அகலம் இருக்கும்.

எனக்கு விளங்காத ஒன்று இதுதான். பிறக்கும்போதே சுத்தமானவன் ஒருவனும் இல்லை என்று சொல்லும் போதனை இது. ஞானஸ்நானத் தொட்டியில் எல்லாக் குழந்தைக்கும் ஒரே தண்ணீர், ஒரே வாசகம். பிறப்பால் உயர்வு என்ற பேச்சின் அடிக்கல்லையே உருவக்கூடிய சரக்கு அதில் இருந்தது. முந்நூறு வருடமாக அதைக் குழந்தைகள்மேல் ஓதினோம், பெரியவர்கள்மேல் ஓதவில்லை.

சரி, மறுபாதிக்கு வருகிறேன். நீதிமானாக்கப்படுதல். பேச்சுவழக்கில் இல்லாத சொல். கத்தோலிக்கரோடு பொதுவாகச் செய்த 1995-ஆம் வருடத் திருவிவிலியத்தில் 'கடவுளுக்கு ஏற்புடையவர்' என்று போட்டார்கள். கேட்க இதமாக இருக்கிறது, ஆனால் கோர்ட்டு வாடை போய்விட்டது. பவுலின் சொல் கோர்ட்டுச் சொல். கூண்டில் நிற்பவனைப் பார்த்து நீதிபதி 'இவன்மேல் குற்றமில்லை' என்று தீர்ப்பதற்குரிய வினை.

லத்தீனுக்குப் போனபோது அதே வினை 'நீதியுள்ளவனாகச் செய்தல்' என்று ஆனது. அங்கே தொடங்கியது அடுத்த ஆயிரம் வருட வழக்கு. தீர்ப்பா, மாற்றமா? கடவுள் என்னை நீதிமான் என்று அறிவிக்கிறாரா, அல்லது உள்ளே வேலை செய்து நீதிமானாகவே ஆக்குகிறாரா? சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 'தேவநீதி' என்ற சொல்லையே வெறுத்ததாக 1545-இல் தன் பழைய நாட்களை நினைத்து எழுதியிருக்கிறார். அது தண்டிக்கிற நீதி என்று எண்ணி நடுங்கியவர், ரோமர் 1:17-ஐ இரவும் பகலும் உருப்போட்டு, அது கொடுக்கப்படுகிற நீதி என்று கண்டுகொண்டார். 1547 ஜனவரியில் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம், வெறும் அறிவிப்பு போதாது, மனிதன் உள்ளே புதுப்பிக்கப்பட வேண்டும் என்று தீர்த்தது. 1999 அக்டோபர் 31-ஆம் தேதி அவுக்ஸ்புர்க்கில் லூத்தரன் உலகச் சம்மேளனமும் ரோமன் கத்தோலிக்க சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டு, அடிப்படையில் நாம் சொல்வது ஒன்றே என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அறிவிப்பு என்ற கட்சியில் நின்ற சீர்திருத்தச் சபைகளின் தமிழ் வேதாகமத்தில் இருக்கும் சொல் 'ஆக்கப்படுதல்'. எதிர்க்கட்சி வினைச்சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டியிருக்கிறோம்.

எனக்கு இந்தச் சண்டையில் வழி காட்டியது ஒரு வில்லங்கச் சான்று.

1990-இல் நான் உரிமம் வாங்கி அப்பாவின் மேசைக்குப் பக்கத்தில் தனி மேசை போட்ட புதிது. கை பழகட்டும் என்று எங்கள் விளைக்கே மனுப் போட்டு, பழைய வருடங்களுக்குக் கையால் எழுதிய சான்று வாங்கினேன். இரண்டு வரி. 1958, அடமானம். 1979, அடமான ரசீது. ரசீதின் நகலையும் எடுத்துப் பார்த்தேன். அசலும் வட்டியுமாக ரூ. 1,140-ஐ, அடமானம் வைத்தவரின் வாரிசுக்காக இன்னார் கையால் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, இந்தக் கடன் பைசல் ஆயிற்று என்று வியாபாரி எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த 'இன்னார்' சின்னத் தாத்தா.

யாரை எதிர்த்து வழக்குப் போட அந்தக் கடன் வாங்கப்பட்டதோ, அவர்.

அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமா, அவருதான் கட்டினாரு. யாவாரி ஏலத்துக்குக் கொண்டுவந்துருவான், கிணத்துக்குப் பக்கத்துல வெளியாளு வந்துருவான்னு கட்டினாரு. பாசம் கீசம்லாம் இல்ல." கட்டியதற்குப் பிறகும் ஆறு வருடம் சின்னத் தாத்தா எங்களோடு பேசவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐயர் யாராவது இதைக் கேட்டால் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொள்வார். அதனால் ஊரில் இதை நான் சொன்னதில்லை. சின்னத் தாத்தா கிறிஸ்து அல்ல, முசுடர்.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்தக் காகிதம் எனக்குக் கண்ணைத் திறந்தது. சிலுவை எதற்கு, மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா என்று கேட்பார்கள், நானும் கேட்டிருக்கிறேன். கடன் தள்ளுபடி ஆனால் அந்த ரூபாய் எங்கே போகிறது? காற்றில் போகாது. யாரோ ஒருவர் மடியிலிருந்து போகும். பாதிக்கப்பட்டவனே மடியை அவிழ்த்தால் அதற்குப் பேர் மன்னிப்பு. 1098 வாக்கில் ஆன்செல்ம் என்ற இறையியலாளர் சொன்னதுபோல, மனிதன் கெடுத்த கடவுளின் மானத்துக்குக் கிறிஸ்து ஈடு கட்டியதாக வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதில் கடவுள் பலசரக்கு வியாபாரி மாதிரி தெரிகிறார். எனக்குத் தெரிகிறவர் சுவருக்கு அந்தப் பக்கத்து ஆள்.

கொலோசெயர் 2:14-இல், 'நமக்கு எதிரிடையாகவும் கட்டளைகளால் நம்மைக் குற்றப்படுத்துவதாகவும் இருந்த கையெழுத்தைக் குலைத்து', அதைச் சிலுவையின்மேல் ஆணியடித்ததாக வருகிறது. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் சிறுவயதிலிருந்தே கேட்ட வசனம். கையெழுத்தை எப்படிக் குலைப்பது என்று விளங்கியதில்லை. கிரேக்கத்தில் அது கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டு, நம் புரோநோட்டு. எகிப்தில் கிடைத்த பழைய பாப்பிரஸ் கடன் சீட்டுகளில் தீர்ந்தவற்றின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்து ரத்து செய்திருக்கிறார்கள். என் மேசையிலும் அதேதான் நடக்கிறது: பணம் வந்ததும் நோட்டின் குறுக்கே பேனா இழுத்து, வரவு எழுதி, சிலர் அந்த இடத்திலேயே கிழிக்கவும் கிழிப்பார்கள். கிழிக்கிற சத்தம் கேட்டால்தான் கடன்பட்டவன் எழுந்திருப்பான்.

(ஒரு எச்சரிக்கை. சிலுவையில் சொன்ன 'முடிந்தது' என்ற வார்த்தை அந்தக் காலத்து வரி ரசீதுகளில் 'முழுதும் செலுத்தப்பட்டது' என்று எழுதப்பட்ட சொல் என்று மேடையில் அடித்துச் சொல்வார்கள். அந்த ரசீதுகளில் இருப்பது ஒரு சுருக்கெழுத்து. அது சுங்கம் செலுத்துவதற்கான வேறொரு வினைச்சொல் என்று ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். கொலோசெயர் இருக்கும்போது இரவல் சாட்சி எதற்கு?)

வில்லங்கச் சான்றில் இன்னொரு நுட்பம் உண்டு. கடன் தீர்ந்துவிட்டது என்பதால் 1958-ஆம் வருட வரியை யாரும் அழிக்க மாட்டார்கள். அடமானம் ஒரு வரி, ரசீது ஒரு வரி, இரண்டும் நிற்கும். எத்தனை வருடம் கழித்து எடுத்தாலும் இரண்டும் சேர்ந்தே வரும். சொத்து சுத்தம் என்று வக்கீல் எழுதிக் கொடுப்பது அந்த இரண்டு வரியையும் பார்த்துத்தான். மனிதன் ஒரே சமயத்தில் நீதிமானும் பாவியும் என்று லூத்தர் சொன்னதைப் பெரிய புதிர்போல விளக்குவார்கள். எங்கள் அலுவலகத்தில் அது ஒரு பக்கத் தாள்.

போன மாதம் அந்த 42 சென்டை என் மகளுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதினேன். 'தாங்கள் எனக்கு மகள் ஆனபடியாலும், தங்கள்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று தொடங்கும் பத்திரம். பிரதிப்பிரயோஜனம், அதாவது பதிலுக்கு வாங்குவது, எதுவும் கிடையாது. ஆனால் 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 122-ஆம் பிரிவுப்படி, தானம் கொடுத்தவன் உயிரோடு இருக்கும்போதே பெறுகிறவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தானம் செல்லாது. ஏற்றுக்கொள்வதற்கு விலை இல்லை. விசுவாசத்தைப் பற்றி நான் இதற்குமேல் யோசித்ததில்லை.

மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். வரைவை வாசித்துவிட்டு ஒரு இடத்தில் விரலை வைத்தாள். 'மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை. பின்னிட்டு ஏதேனும் இருப்பதாகத் தெரியவந்தால் அதை நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேனாகவும்.'

"இது எதுக்குப்பா? எல்லாம்தான் சுத்தமா இருக்கே."

"எழுதுறது வழக்கம்."

"நீங்க இல்லாத காலத்துல வில்லங்கம் வந்தா?"

"நானும் என் வாரிசுகளும்னு போடலாம். அந்த வாரிசு நீதான்."

சிரித்தாள். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன்.

தெற்கு எல்லை இப்போது அக்காவுக்கு. சின்னத் தாத்தா வழியாக அவளுக்கு வந்த விளை. இரண்டாம் சாட்சியாக அவளைத்தான் கூப்பிட்டிருந்தேன். அறுபது தாண்டியாயிற்று, முழங்கால் வலியோடு படியேறி வந்தாள். கண்ணாடி கொண்டுவரவில்லை. எங்கே போட வேண்டும் என்று நான் விரலால் காட்ட, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி மகள் கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே அவளிடம் சொன்னாள்:

"வெளை ஒனக்கு வந்துட்டுல்லா. ஒங்கப்பன் எங்க வீட்டுக்கு ஒரு பானை தரணும், அதையும் சேத்து எழுதிக்கிட்டியா?"

"என்ன பானை, அத்தை?" என்றாள் மகள்.

அவளுக்கு அதை நான் சொன்னதே இல்லை.